இடத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தம் உண்டா? (மும்பை)

பிப்ரவரி 2, இரவு 9.40 | முலுண்ட் வாசகரின் கேள்வி

காற்றோட்டம், வெளிச்சம், மரம், பார்க் எல்லாம் இருந்தால்தான் மனுஷன் நல்லா இருப்பான் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இது காசுள்ளவர்கள் பேச்சாகத் தெரிகிறது. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் படித்தவன் சி.ஏ. ஆகிறான். மலபார் ஹில்லில் கடல் பார்த்த வீட்டில் வளர்ந்தவன் குடித்துக் கெடுகிறான். குணம் ஆளுக்குள்ளே இருக்கிறது, சுவரில் என்ன இருக்கிறது? மறுப்பவர்கள் சொந்த அனுபவத்தோடு வரவும். எங்கேயோ படித்ததை இங்கே ஒட்ட வேண்டாம்.

பிப்ரவரி 2, இரவு 11.15 | என் பதில்

மறுக்கிறேன், உங்களையே சாட்சியாக வைத்து. முலுண்டில் இருப்பவர் லோக்கல் ரயிலில் போகாமல் இருந்திருக்க முடியாது. செகண்ட் கிளாஸில் மூன்று பேர் உட்காரும் பெஞ்ச். நாலாவது ஆள் வந்து கையை லேசாக அசைப்பார். மூன்று பேரும் தலை நிமிராமலே ஒரு விரற்கடை நகர்வார்கள். அவர் பாதி உடம்பு வெளியே தொங்க உட்காருவார். யாரும் நன்றி சொல்வதில்லை, யாரும் முறைப்பதில்லை.

2006இல் எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ் கிடைத்தது. அதே வண்டி, அதே நெரிசல், பெஞ்சும் மூன்று பேர் பெஞ்ச்தான், மெத்தை கொஞ்சம் அதிகம். நாலாவது ஆள் வந்து நின்றால் ஒருத்தரும் அசைவதில்லை. நானும் அசையவில்லை. போன மாதம் வரை நகர்ந்து கொடுத்தவன்! பாஸ் தீர்ந்துபோன ஒரு நாள் செகண்டில் ஏறினேன், உடம்பு தானாக நகர்ந்தது. என் குணம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, சொல்லுங்கள்.

ராஜர் பார்க்கர் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர். 1947இல் கான்சாஸ் மாநிலத்தில் ஓஸ்கலூசா என்கிற சின்ன ஊரில் ஒரு நிலையம் போட்டு உட்கார்ந்தார். ஊர்ப் பிள்ளைகள் காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும் வரை என்னென்ன செய்கிறார்கள் என்று ஆள் வைத்து எழுதினார். ஒரு பிள்ளை இப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்று ஊகிக்க வேண்டுமா? அது யார் பிள்ளை என்று கேட்பதைவிட எங்கே இருக்கிறது என்று கேட்பது மேல். அவர் கண்டது இதுதான். கடையில் இருந்தால் கடைக்குரிய நடத்தை, சர்ச்சில் இருந்தால் சர்ச்சுக்குரியது. அதே பிள்ளை.

(இது படித்ததுதான். ஒட்டவில்லை, வாயால் சொல்கிறேன்.)

பிப்ரவரி 3, காலை 7.30

திருத்தம். மேலே எழுதியதை என் மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். லேடீஸ் செகண்டில் நாலாவது சீட்டுக்குச் சண்டையே நடக்குமாம். ஏறியதும் உட்கார்ந்திருப்பவளிடம் ‘எங்கே இறங்குகிறாய்’ என்று கேட்டு, அவள் எழுந்தால் அந்த இடம் எனக்கு என்று பேசி வைத்துக்கொள்வார்களாம். ஆகவே ‘யாரும் முறைப்பதில்லை’ என்பது ஆண்கள் பெட்டிக்கு மட்டும்.

பெஞ்ச் ஒன்று, வழக்கம் இரண்டு என்றால் மரப்பலகை மட்டும் காரணமில்லை என்று ஆகிறது. என் வாதத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. யோசிக்கிறேன்.

பிப்ரவரி 5, இரவு 10.50

சொந்த அனுபவம் கேட்டீர்கள். என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

சயான் பக்கத்தில் மூன்று மாடி சால், ஒற்றை அறை வீடுகளை வரிசையாக அடுக்கிய கட்டடம். இரண்டாவது மாலாவில் (மாடியில்) எங்கள் கோலி (அறை), பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு மூலையில் குளிக்கவும் கழுவவும் மோரி, மேலே பரண், உள்ளே ஆறு பேர். வாசலுக்கு வெளியே நாலடி அகலத்தில் கேலரி. அந்த மாலாவில் இருந்த பதினெட்டு கோலிக்கும் அது ஒன்றுதான் வழி.

அம்மா 1965இல் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இந்தியும் மராத்தியும் அவளுக்குக் கேலரி கற்றுக்கொடுத்த பாஷைகள். அரிசி புடைப்பது, வடாம் காயப்போடுவது, அக்காவுக்குத் தலை பின்னுவது, பக்கத்துக் கோலிக் குழந்தைக்கு மம்மு ஊட்டுவது, எல்லாம் அங்கேதான். வாசற்படியில் உட்கார்ந்தால் பாதி உள்ளே, பாதி வெளியே. பேசப் பிடித்தால் பேசலாம். பிடிக்காத நாளில் முறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பேச்சு சலித்தால் ‘பால் பொங்குது’ என்று எழுந்து போகலாம். அடுப்பில் பாலே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

2009இல் இடித்தார்கள். நாலு வருஷம் டிரான்சிட் கேம்ப் என்கிற தற்காலிகக் குடியிருப்பு. 2013இல் ஏழாவது மாடியில் 269 சதுர அடி வீடு கிடைத்தது. ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, உள்ளேயே குளியலறை, கழிவறை. சாவி வாங்கிய அன்று அம்மா குளியலறை டைல்ஸைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

ஆறேழு மாதத்தில் பேச்சு குறைந்தது. காது மந்தம் என்று நினைத்துக் காட்டினோம், காதில் ஒன்றுமில்லை. சர்க்கரை பார்த்தோம், தைராய்டு பார்த்தோம். ‘வயசாயிடுச்சில்ல’ என்றார் டாக்டர். விடிந்தால் டிவி, இரவு படுக்கும்வரை டிவி.

ஒரு நாள் கதவைத் திறந்து அவள் இடத்தில் நின்று பார்த்தேன். ஐந்தடி காரிடார். இரு பக்கமும் சாத்திய கதவுகள். நடுப்பகலிலும் டியூப்லைட். அங்கே இரண்டு நிமிஷம் நின்றதற்கே ஒரு பையன் ‘கியா ஹுவா அங்கிள்?’ என்று கேட்டுவிட்டுப் போனான். காரணம் இல்லாமல் நிற்க முடியாத இடம் அது. பழைய கேலரியில் நிற்பதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை.

நம் ஊரில் திண்ணை செய்த வேலையை பம்பாயில் கேலரி செய்தது. இரண்டையும் பிளானிலிருந்து எடுத்துவிட்டால் வீடு இருக்கும், வாசல் இருக்காது.

பிப்ரவரி 6, மதியம் 2.05

அக்காவுக்கு அனுப்பினேன். டோம்பிவ்லியிலிருந்து ஆறு நிமிஷ வாய்ஸ் மெசேஜ். சுருக்கித் தருகிறேன், திட்டுகளை நீக்கி.

‘நீ ஆம்பளை. உனக்குக் கேலரி கவிதையா இருக்கும். பதினெட்டு கோலிக்கு நாலு கக்கூஸ். பதினாலு வயசுல நான் விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து போவேன், ஏன்னா அஞ்சு மணிக்கு ஆம்பளைங்க வரிசை வந்துடும். ராத்திரி தண்ணி குடிக்க மாட்டேன். அந்தப் பழக்கம் இன்னும் போகலை, யூரின் இன்ஃபெக்‌ஷன் எத்தனை தடவை வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? நான் எவன்கூட பேசினேன், எத்தனை மணிக்கு வந்தேன், எல்லாத்தையும் அந்தக் கேலரி அப்பாகிட்ட சொல்லும். அம்மாவுக்கு அது வாசல், எனக்கு அது செக்போஸ்ட்.’

போன நோட்டில் ஒரு பத்தி முழுக்க முறத்துக்கும் வடாமுக்கும் கொடுத்திருக்கிறேன். கழிவறைக்கு ஒரு வரி, அதுவும் புது வீட்டில் உள்ளேயே இருக்கிறது என்று சொல்ல. அம்மா டைல்ஸைத் தடவியது எதற்கு என்று நேற்று எழுதும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பிப்ரவரி 6, இரவு 11.40

தூக்கம் வரவில்லை. அக்கா சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே கேலரி ஒருத்திக்குத் தெம்பு, இன்னொருத்திக்குக் காவல். அளவு அதே நாலடி. வித்தியாசம் எங்கே? அம்மா நினைத்தால் உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துக்கொள்ளலாம். அக்காவுக்கு அந்தச் சவுகரியம் இல்லை; கழிவறைக்குப் போகவும் அந்தப் பதினெட்டு வாசலையும் தாண்டியாக வேண்டும்.

ஆக, என் கட்சியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இடம் பெரிசா சிறிசா, அழகா அசிங்கமா என்பது இரண்டாம் பட்சம். மற்றவர்கள் கண்ணில் எப்போது படுவது, எப்போது ஒதுங்குவது என்பது நம் கையில் இருக்கிறதா? அதை அந்த இடம் நமக்கு விடுகிறதா?

பிப்ரவரி 9, மாலை 6.20

‘சத்தம், நெரிசல் எல்லாம் பழகிவிடும், நம் உடம்பு அப்படி’ என்று முலுண்ட் நண்பர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் நம்பினேன். நான் படித்த தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. வண்டி வந்தால் டீச்சர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவார். வண்டி போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். நாங்கள் அந்த இடைவெளியில் முதுகில் குத்திக்கொள்வோம். பழகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

1975இல் நியூயார்க்கில் ஆர்லைன் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று. மன்ஹாட்டனின் வடகோடியில் ஒரு பள்ளி, பக்கத்தில் மேம்பாலத்தில் ரயில். தண்டவாளப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும், கட்டடத்தின் மறுபக்கத்து அமைதியான வகுப்புப் பிள்ளைகளையும் வாசிப்பில் ஒப்பிட்டார். ஆறாம் வகுப்புக்கு வரும்போது சத்தப் பக்கத்துப் பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் அட்டை வைத்தார்கள், வகுப்புக் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகை போட்டார்கள். மறுபடி சோதித்தபோது வித்தியாசம் காணோம். பிள்ளைகளின் மூளையில் யாரும் கை வைக்கவில்லை. ரப்பர்தான் வைத்தார்கள்.

இன்னொன்று என் கட்சிக்கு நேராக வருகிறது. கிளாஸ், சிங்கர் என்று இரண்டு பேர் 1972இல் வெளியிட்டது. ஆட்களை உட்கார வைத்து விட்டு விட்டுப் பெரும் சத்தம் கொடுத்தார்கள். சிலருக்கு மட்டும் ஒரு பட்டன்: தாங்கவே முடியாவிட்டால் அழுத்துங்கள், நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது. அநேகமாக யாரும் அழுத்தவில்லை. இரண்டு கூட்டமும் கேட்டது அதே சத்தம். ஆனால் அதன்பின் கொடுத்த வேலையில் பட்டன் வைத்திருந்தவர்கள் விடாமல் முயன்றார்கள், தவறும் குறைவு. பட்டன் இல்லாதவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள்.

அம்மாவின் ‘பால் பொங்குது’தான் அந்தப் பட்டன்.

எங்கள் மேல்மாடியில் ஒன்றரை மாதமாக டைல்ஸ் உடைக்கிறார்கள். இந்தியச் சத்த விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல். டிரில் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு நாள் அந்த வீட்டுக்காரர் வந்து ‘மதியம் இரண்டிலிருந்து நாலு வரை நிறுத்தச் சொல்லிவிட்டேன், அவசரம் என்றால் போன் பண்ணுங்கள்’ என்று நம்பர் கொடுத்தார். அன்றிலிருந்து டிரில் சத்தம் பாதியான மாதிரி இருக்கிறது. நான் இன்னும் ஒரு தடவைகூட போன் பண்ணவில்லை.

பிப்ரவரி 10, காலை 8.10

மேல்வீட்டுக்காரர் நம்பரைக் கேட்டவர்களுக்கு: இல்லை, அந்த நம்பரை இங்கே போட முடியாது.

பிப்ரவரி 14, இரவு 12.30

‘இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் என்ன ஆர்க்கிடெக்டா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. டிராஃப்ட்ஸ்மேன். முப்பது வருஷம். முதலில் டிரேசிங் பேப்பரும் ரோட்ரிங் பேனாவும், தப்பு வந்தால் பிளேடால் சுரண்டல். பிறகு கணினியில் ஆட்டோகேட்.

மறைத்துக்கொண்டே போக முடியாது, சொல்லிவிடுகிறேன். அம்மா இருக்கிற மாதிரியான கட்டடங்களை வரைந்தது என் கைதான். குடிசை மறுவாழ்வு ஆணையம் 1995இல் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு 225 சதுர அடி. பிறகு 269, அதற்குப் பிறகு 300. ஒரு வீட்டைப் பிளாக்காகச் செய்து, காப்பி, மிர்ரர், மறுபடி காப்பி. ஒரு மாடி முடிந்தால் அதையே மேலே மேலே அடுக்க வேண்டியதுதான். மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் சாயங்கால டீக்குள் கட்டடம் தயார். நடுவில் மிஞ்சுவது காரிடார். காரிடாரில் ஒரு அடி குறைத்தால் பில்டர் வெளியே விற்கிற கட்டடத்துக்கு இடம் கூடும், ஆபீஸில் நல்ல பெயர் கிடைக்கும்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மூன்று மீட்டர். அந்த எண்ணை நான் எத்தனை தாளில் எழுதியிருப்பேன்! ஒன்றுக்கு நூறு அளவில் அது மூன்று சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் வெள்ளைத் தாள் மேஜையில் நல்ல வெளிச்சமாகத்தான் இருக்கும்.

மான்கூர்டின் லல்லுபாய் காம்பவுண்ட், கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்ட் பற்றி மும்பையில் இருப்பவர்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். இடம் பெயர்க்கப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த கட்டடங்கள், நெருக்கி நெருக்கி நிற்பவை. ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ அமைப்பும் ஐ.ஐ.டி. பம்பாயும் சேர்ந்து பார்த்தபோது, வெயிலும் காற்றும் நுழையாத கீழ்மாடி வீடுகளில் காசநோய் கூடுதலாக இருந்தது. காரணம் எளிது. இருமும்போது தெறிக்கிற நுண்துளிகள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். காற்றோட்டம் இருந்தால் கலைந்து போகும், வெயில் பட்டால் கிருமி சாகும். இரண்டும் இல்லாத அறையில் அடுத்தவர் மூச்சுக்குக் காத்திருக்கும்.

முலுண்ட் நண்பரே, குணத்தின் கதையை விடுங்கள். நுரையீரலுக்குச் சுவரோடு சம்பந்தம் உண்டா இல்லையா?

பிப்ரவரி 15, காலை 11.00

நேற்று இரவு எழுதியது கொஞ்சம் காட்டமாகிவிட்டது. இருக்கட்டும்.

இன்னொருவர் எலிக் கதையைக் கொண்டுவந்திருக்கிறார். ஜான் கால்ஹூன் 1962இல் எழுதியது: கூண்டில் எலிகள் பெருகப் பெருக, தாய் எலி குட்டியைக் கவனிக்காது, ஆண் எலிகள் கடித்துக்கொள்ளும். பிறகு 1968இல் எட்டுச் சுண்டெலிகளோடு ஒரு பெரிய தொட்டியைத் தொடங்கினார். தீனிக்குக் குறைவே இல்லை. 2,200 வரை பெருகி, அப்புறம் குட்டி ஈனுவதே நின்று, வம்சமே அழிந்தது. ‘ஆகவே நெரிசலால் குற்றம் பெருகும், தாராவியைப் பாருங்கள்’ என்கிறார்.

தாராவியைப் பார்த்தே வளர்ந்தவன் நான். சரி, பார்க்கலாம். எலிக்குக் கதவு கிடையாது. எலி ‘அப்புறம் வா’ என்று சொல்லாது. எலிகள் பண்டிகைக்கு வசூல் செய்து பந்தல் போடுவதில்லை. ஜோனதன் ஃப்ரீட்மன் என்பவர் எலியை விட்டு மனுஷர்களை வைத்துச் சோதித்து 1975இல் எழுதினார்: நெரிசல் தானாக யாரையும் கெடுப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதைத் தூக்கிக் காட்டும். நல்ல கூட்டம் என்றால் இன்னும் நல்லது, கெட்டது என்றால் இன்னும் கெட்டது. கணபதி விசர்ஜன் கூட்டமும் மாலை ஆறரை மணி குர்லா பிளாட்ஃபாரமும் எனக்கு ஒரே நெரிசல்தான். ஒன்றில் ஆடுகிறேன், இன்னொன்றில் முழங்கையால் இடிக்கிறேன்.

லேடீஸ் பெட்டிப் புதிருக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. மனைவியிடம் சொன்னேன். ‘ஆம்பளைங்க வீட்டுக்குப் போய் உட்காருவீங்க, நாங்க வீட்டுக்குப் போய் நிப்போம். அதான் சீட்டுக்குச் சண்டை’ என்றாள். மீதிப் பாதியும் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 18, இரவு 9.15

ஜன்னல், மரம் பற்றி ஒருவர் கேட்டார். எல்லோரும் சொல்லும் ஆய்வு ராஜர் உல்ரிச் 1984இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரி. பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மாத்திரை குறைவாகக் கேட்டார்கள்.

2017இல் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். என் ஜன்னலுக்கு வெளியே ஏசி எந்திரத்தின் முதுகு. மூன்றாம் நாள் நர்ஸிடம் கெஞ்சிப் படுக்கையை மாற்றிக்கொண்டேன். மரத்தடிக்கு இல்லை, வராந்தா பக்கம். யார் யாரைப் பார்க்க வருகிறார்கள், எந்த டிபன் கேரியரில் என்ன வாசனை, எந்த மருமகள் அழுகிறாள், எல்லாம் தெரிந்தது. வலி குறைந்ததோ இல்லையோ, நேரம் ஓடியது. அந்தக் கட்டுரையில் உல்ரிச்சே கடைசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்: நெடுநாள் படுத்துச் சலித்தவர்களுக்கு மரத்தைவிடச் சுறுசுறுப்பான தெருக்காட்சி உதவக்கூடும் என்று. மரத்தை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், தெருவை விட்டுவிட்டார்கள்.

46 பேர் என்பது சின்னக் கணக்கு, ஒரே ஆஸ்பத்திரி. இதை வைத்துக் கோயில் கட்ட வேண்டாம்.

பிப்ரவரி 21, மாலை 7.45

‘தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து சாகிறவன் திமிரால் சாகிறான், அதற்கும் இடமா காரணம்?’ முலுண்ட் நண்பர் விடுவதாக இல்லை.

வடாலா. 2010. மும்பையைச் சேர்ந்த ‘ஃபைனல் மைல்’ என்ற குழு ரயில்வேயோடு சேர்ந்து செய்தது. சுவர் எழுப்பவில்லை, அபராதம் கூட்டவில்லை. தண்டவாளத்தின் கீழே இருக்கும் ஸ்லீப்பர் கட்டைகளில் சிலவற்றுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். பெரிய உருவம் வேகமாக வந்தாலும் நம் கண்ணுக்கு மெதுவாகத் தெரியும். ரயில் மஞ்சளை விழுங்கிக்கொண்டு வரும்போதுதான் வேகம் புரியும். நீளமாக ஒரே ஹார்ன் அடிப்பதை விட்டு, இரண்டு சின்ன ஹார்ன், நடுவில் மௌனம். அந்த மௌனத்தில் காது விழித்துக்கொள்ளும். ‘கடக்காதே’ என்ற எழுத்துக்குப் பதிலாக, வண்டி மோதும் நொடியில் ஒருவன் முகம், போட்டோ. அங்கே சாவு குறைந்தது. திமிர் பிடித்தவர்கள் அதே ஆட்கள்தான்.

எங்கள் சால் பையன்கள் எல்லோரும் அப்படிக் கடந்துதான் கிரிக்கெட் ஆடப் போனோம். ஒருத்தன் வரவில்லை. அவன் எங்களில் எல்லோரையும்விடப் பயந்தவன். அதற்கு மேல் எழுதவில்லை.

பிப்ரவரி 23, காலை 9.00

‘அம்மாவுக்குச் செடி வாங்கிக் கொடுங்கள்.’ ஐந்து பேர் சொல்லிவிட்டீர்கள். கொடுத்தேன். 2014லேயே. கிரில்லில் நாலு தொட்டி, துளசி, ரோஜா, மணிப்ளான்ட். தினமும் நானே தண்ணீர் ஊற்றினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976இல் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தது இதுதான். ஒரு மாடிக்காரர்களிடம் ‘இந்தச் செடி உங்களுடையது, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அறையை எப்படி வைப்பது என்பதும் உங்கள் இஷ்டம்’ என்றார்கள். இன்னொரு மாடியில் செடியைக் கொடுத்து ‘நர்ஸ் தண்ணீர் ஊற்றிவிடுவார்’ என்றார்கள். முதல் மாடிக்காரர்கள் கலகலப்பானார்கள். நான் பத்து வருஷம் அந்த நர்ஸாக இருந்திருக்கிறேன்.

கீழ்வீட்டுப் பெண்ணிடம் அம்மா தானே கேட்டு வாங்கிய கற்பூரவல்லி ஒன்று உண்டு, உடைந்த பிளாஸ்டிக் டப்பாவில். அதைத் தொட என்னை விடுவதில்லை.

மார்ச் 1, இரவு 10.10

போன வாரம் ஒரு ஸ்டூல் வாங்கி ஏழாவது மாடிக் காரிடாரில், எங்கள் கதவுக்குப் பக்கத்தில் போட்டேன். மூன்றாம் நாள் சொசைட்டி செக்ரட்டரி நோட்டீஸ் ஒட்டினார்: பொது இடத்தில் பொருள் வைக்கக் கூடாது, தீ விபத்தின்போது வழி மறிக்கும்.

கோபம் வந்தது. டேப் எடுத்து அளந்தேன். ஸ்டூல் போக மூன்றே முக்கால் அடி. புகையில் இருட்டில் எண்பது பேர் ஓடினால் அந்த ஸ்டூலில்தான் முதல் ஆள் விழுவார். வரைந்தவனுக்குத் தெரியாதா? எடுத்துவிட்டேன். இந்தக் கட்டடத்தில் காற்று அடிக்கும் ஒரே பொது இடம் ரெஃப்யூஜ் ஏரியா, தீ விபத்தில் ஒதுங்கி நிற்க உயரமான கட்டடங்களில் விட வேண்டியது. அதுவும் காலியாகத்தான் இருக்க வேண்டும். (பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டக் கூடாது. அது தனிச் சண்டை.)

ஸ்டூல் இப்போது தரைத்தளத்தில், லெட்டர் பாக்ஸ் வரிசைக்குப் பக்கத்தில், வழி மறிக்காத மூலையில். வாட்ச்மேன் சம்மதம்.

மார்ச் 4, இரவு 9.30

தோல்வி. இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு அம்மா மேலே வந்துவிட்டாள். ‘போறவன் வர்றவன் எல்லாம் என்ன பாட்டி, லிஃப்ட் ஓடலையான்னு கேக்கறான். சும்மா உக்காந்திருக்க நான் என்ன பொம்மையா?’

அப்போதுதான் மண்டையில் விழுந்தது. கேலரியில் அவள் ஒரு நாளும் சும்மா உட்கார்ந்ததில்லை. கையில் முறம், சீப்பு, பாத்திரம் ஏதோ ஒன்று இருக்கும். ‘காரணம் இல்லாமல் நிற்க முடியாத இடம்’ என்று காரிடாரைத் திட்டி எழுதினேனே, அது பாதித் தப்பு. கேலரியிலும் காரணம் இருந்தது, வேலை என்ற பெயரில். நான் இடத்தை மட்டும் வரைந்தேன். முப்பது வருஷமாக அதைத்தானே செய்தேன்.

மார்ச் 9, மாலை 6.50

நேற்று அவளாகவே முருங்கைக்கீரைக் கட்டையும் ஒரு தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு கீழே போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணியில் 703ஆம் வீட்டு ஆஜி (மராத்திப் பாட்டி) பக்கத்தில் நின்று, இதன் பூவைச் சமைப்பீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளி விட்டு வந்த குழந்தைகள் காம்பை உருவிப் பார்த்தார்கள். லிஃப்ட் பற்றி யாரும் கேட்கவில்லை.

இரவு டிவி வழக்கம்போல ஓடியது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நடுவில் நிறுத்திவிட்டு ஆஜியின் மருமகள் கதையைச் சொன்னாள். இருபது நிமிஷம்.

அக்காவிடம் போனில் சொன்னேன். ‘கீழே பக்கத்துல கக்கூஸ் இருக்கா?’ என்றாள். வாட்ச்மேன் கழிவறை இருக்கிறது, பூட்டு சரியில்லை. நாளைக்குத் தாழ்ப்பாள் வாங்க வேண்டும்.

மார்ச் 12, இரவு 8.40

முலுண்ட் நண்பர் தன் அப்பாவுக்காக ஸ்டூலின் உயரம் கேட்டிருக்கிறார். (வாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, உயரம் மட்டும்.) எங்களுடையது பதினெட்டு அங்குலம். அம்மாவுக்குக் கால் எட்டவில்லை, தச்சனிடம் கொடுத்து இரண்டு அங்குலம் அறுத்தேன். முழங்கால் வலி இருந்தால் அறுக்காதீர்கள், தாழ்வான ஸ்டூலிலிருந்து எழுவது கஷ்டம். முதுகுப் பக்கம் சுவர் இருக்கட்டும், முகம் கேட்டைப் பார்க்கட்டும்.

கீரைக்காரி இப்போது எங்கள் கட்டட வாசலிலேயே கூடையை இறக்குகிறாள். செக்ரட்டரி நேற்று வந்து பார்த்தார். வெந்தயக்கீரை இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனார். நோட்டீஸ் இதுவரை வரவில்லை.